முக்கால் அங்குலம்

அத்தியாயம் 9

போன வாரம் எங்கள் வீட்டு மூத்தாரை வாசலிலேயே நிற்கவைத்துவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேன். பாவம், ஒரு வாரமாகக் கையில் பதினெட்டுக் கிலோ நாயோடு நிற்கிறார். முதலில் அவரை உள்ளே கொண்டுவந்துவிடுகிறேன்.

கூப்பிட்டது நான் இல்லை. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கூப்பிட்டது என் வீட்டுக்காரர்.

"உள்ள வாங்கண்ணா. கை வலிக்கும்."

புதிதாகச் சேர்ந்துகொண்டவர்களுக்கு நாலு வரி. நானும் இவரும் நாய்களுக்கு வண்டி செய்கிறவர்கள். நாய் ஏறி உட்காரும் வண்டி இல்லை. பின்னங்கால் வராமல் போன நாயின் இடுப்பைத் தாங்கிக்கொண்டு, அது முன்னங்காலால் இழுத்து நடக்கிற இரண்டு சக்கர வண்டி. இவர் சைக்கிள் கடையில் இருந்தவர், நான் தையல்காரி. குழாயும் சக்கரமும் அவர் பாடு, துணியும் பெல்ட்டும் என் பாடு. பதினோரு வருஷத்தில் நூற்று நாற்பத்தாறு வண்டி செய்திருக்கிறோம்.

மூத்தார், அதாவது இவருடைய அண்ணன், முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாண வீட்டில், ஐம்பது பேர் நடுவில், தம்பியின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு அவர் சொன்னார்: "நாய்க்கு வண்டி, பூனைக்குப் பல்லக்கு. என் தம்பி பெரிய தொழிலதிபருங்க!" ஐம்பது பேரும் சிரித்தார்கள். இவரும் சேர்ந்து சிரித்தார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் பந்தியில் உட்காராமல் எழுந்து வந்தேன். அன்றைக்குச் சாத்திய கதவு.

அந்தக் கதவைத்தான் ஆறு வருஷம் கழித்து ஒரு நாள் காலை ஏழு மணிக்குத் தட்டினார். கையில், போர்வையில் சுற்றின சொந்த நாய்.

நாயின் பெயர் மேனேஜர். வீட்டுக்கு யார் வந்தாலும் ஒரு சுற்றுச் சுற்றி, மோந்து பார்த்து, திருப்தியான பிறகுதான் உட்கார விடுமாம். மூத்தாரின் மனைவி காலமான பிறகு அந்த வீட்டில் அவரும் அதுவும்தான். மாடிப்படியிலிருந்து குதித்ததில் முதுகெலும்பில் வட்டு நழுவி, இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாமல் போய்விட்டது.

"எத்தனை நாளாச்சுண்ணா?" என்று இவர் கேட்டார்.

"இருபத்திரெண்டு நாள்."

"சாப்பிடுதா?"

"மூணு நாளா தொடலடா. தண்ணி மட்டும் குடிக்குது. தரையில இழுத்து இழுத்துத் தொடையெல்லாம் புண்ணு." மூத்தார் அங்கே நிறுத்தினார். நாயின் இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்தினார். பிறகுதான் சொன்னார். "இன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு டாக்டர் வரச் சொல்லியிருக்கார். ஊசி போட. அது மனசு விட்டுடுச்சு, இனி இழுத்தடிச்சு அதைத் தண்டிக்காதீங்கன்னுட்டார்."

காதைப் பொத்திய அந்தக் கையைப் பார்த்ததும் எனக்குள் என்னமோ செய்தது. செய்ததே என்று எரிச்சலும் வந்தது. ஆறு வருஷக் கோபத்தை ஒரு நொடியில் கரைக்க இந்த மூத்தார் யார்?

"அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு. முடியுமாடா?"

"ஒரு வண்டிக்கு நாலு நாள் ஆகும்ணா."

"அப்ப சரி, விடு." திரும்பப் போனார்.

"முடியும்" என்றார் இவர், நாலு நாள் ஆகும் என்ற அதே வாயால்.

நான் இவரைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனேன்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா வேண்டாம்ப. அதான் கேக்கல."

"அளவெடுக்கறது யாரு?"

"நீதான்."

"எடுக்க மாட்டேன்னா?"

"எடுப்ப."

"முதல்ல அந்த மனுஷன் ஒரு வார்த்தை மன்னிப்பு கேக்கட்டும். அம்பது பேர் முன்னாடி பேசின வாய்தானே? நம்ம ரெண்டு பேர் முன்னாடி கேட்டா தேஞ்சா போயிடும்?"

"அவர் பேசினார், சரி. நாய் என்னம்மா பேசிச்சு?"

நியாயம் எதிர்ப்பக்கம் இருந்தால் எனக்குக் கோபம் இரண்டு மடங்காகும், அது என் பிறவிக் குணம். டேப்பை எடுத்துக்கொண்டு வந்தேன்.

நிற்க முடியாத நாய்க்கு நின்ற நிலையில்தான் அளவெடுக்க வேண்டும். எங்கள் தொழிலின் முதல் கஷ்டமே அதுதான். வயிற்றுக்கு அடியில் ஒரு துண்டைக் கொடுத்து ஒருவர் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஒரு விரல் உயர்ந்தாலும் தப்பு, இறங்கினாலும் தப்பு. முதுகு மேஜை மட்டத்துக்கு நிற்க வேண்டும். மூத்தார் பிடித்தார். முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை, கொஞ்சம்கூட ஆடவில்லை.

நான் மண்டி போட்டு உட்கார்ந்து டேப்பை மார்பைச் சுற்றிப் போட்டேன்.

நூற்று நாற்பத்தாறு தடவை செய்தாயிற்று. இன்னும் எனக்கு இந்த இடத்தில் உடம்பு சிலிர்க்கும். டேப்புக்கு அடியில், என் விரலுக்கு அடியில், இதயம் இடிக்கும். இடுப்புக்குப் பின்னால் பாதி உடம்பு பேச்சு மூச்சில்லாமல் கிடக்க, முன்பாதி அதைப் பற்றி ஒரு புகாரும் இல்லாமல் டக் டக்கென்று ஓடிக்கொண்டிருக்கும். நமக்கு ஒரு சுண்டுவிரல் நசுங்கினால் வீட்டையே இரண்டாக்குவோம். இதுகளுக்கு எங்கிருந்து வருகிறது இந்தத் தெம்பு என்று ஒவ்வொரு தடவையும் வாயைப் பிளந்துதான் உட்கார்ந்திருக்கிறேன்.

மேனேஜர் என் காதுப் பக்கமாக மூக்கைக் கொண்டுவந்து ஒரு தடவை மோந்தது. பிறகு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது.

உயரம் பதினாலு. அகலம் எட்டு. நீளம், அதாவது முன்னங்காலுக்குப் பின்னாலிருந்து இடுப்பு எலும்பு வரை, பதினேழு அங்குலம்.

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன்.

என் கை தையல்காரி கை. அது நீளத்தில் எப்போதும் முக்கால் அங்குலம் சேர்த்துத்தான் எழுதும். உடம்பு காலையில் ஓர் அளவு, சாப்பிட்டால் ஓர் அளவு. மூச்சுவிட இடம் வேண்டாமா? துணியில் பழகினது வண்டிக்கும் வந்துவிட்டது. பதினேழு என்றால் நோட்டில் பதினேழே முக்கால் என்று தானாக விழும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இவரிடமும்தான்.

அன்றைக்குச் சேர்க்கவில்லை. பதினேழு என்று மொட்டையாக எழுதினேன். இந்த மனுஷனின் நாய்க்கு உள்ளது உள்ளபடிதான், என் கையிலிருந்து ஒரு நூல்கூட அதிகம் போகாது என்று நினைத்துக்கொண்டுதான் எழுதினேன். எழுதி முடித்ததும் ஒரு அற்ப சந்தோஷம்கூட வந்தது. மறைப்பானேன்?

நோட்டை இவர் முன்னால் பொத்தென்று போட்டேன். இவர் எடுத்துப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. சமையலறைச் சண்டைக்குப் பிறகு நாங்கள்தான் பேசிக்கொள்ளவில்லையே.

பிறகு வேலை. எங்கள் வீட்டு முன்னறைதான் பட்டறை. ஒரு பக்கம் குழாயைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் முடுக்கின மேஜை, மறுபக்கம் என் தையல் மெஷின், நடுவில் நடக்க ஓர் ஆள் அகலம். இவர் அலுமினியக் குழாயை எடுத்து, வளைக்கும்போது நசுங்காமல் இருக்க உள்ளே மணலை நிரப்பி, இரண்டு முனையும் அடைத்து, முழங்காலில் வைத்து மெல்ல மெல்ல வளைத்தார். நான் தொடை உட்காரும் இருக்கையை ரப்பர் துணியில் வெட்டித் தைத்தேன். புண் இருக்கும் இடத்தில் பஞ்சு வைத்த பட்டை. அதில் நான் ஒன்றும் குறைவைக்கவில்லை. கோபத்திலும் என் தையல் கோணாது.

மூத்தார் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். நாயின் தலை அவர் தொடையில். வந்தவருக்கு டீ கொடுக்காத அளவுக்கு நான் கெட்டவள் இல்லை. டம்ளரைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன், அவ்வளவுதான்.

மணி ஒன்று. வண்டி தயார்.

மாட்டினோம். இடுப்பு இருக்கையில், பின்னங்கால்கள் தரையில் படாமல் இரண்டு வளையத்தில், மார்பில் பெல்ட், முதுகில் கொக்கி. இருபத்திரண்டு நாளைக்குப் பிறகு மேனேஜர் நாலு காலில் நிற்கிற உயரத்தில் நின்றது. மூத்தார் எழுந்தே விட்டார்.

"நிக்குதுடா!"

"நிக்கும்ணா. நடக்கக் கொஞ்ச நேரமாகும். முதல் தடவை எல்லாமே சிலை மாதிரிதான் நிக்கும். பின்னாடி யாரோ பிடிச்சிருக்காங்கன்னு நினைச்சுக்கும். நீங்க வாசப்பக்கம் போய் நின்னு கூப்பிடுங்க."

போய் நின்றார். கூப்பிட்டார். "வாடா மேனேஜர். வா. வா கண்ணா."

நாய் பார்த்தது. நகரவில்லை.

அஞ்சு நிமிஷம் ஆயிற்று, பத்து நிமிஷமும் ஆயிற்று. இவர் சக்கரத்தைக் கையால் அரை சுற்று உருட்டிக் காட்டினார். முன்னங்காலை ஒரு தடவை தூக்கியது, உடனே வைத்துவிட்டது. பிறகு மெல்லத் தலையைத் தாழ்த்தி, கண்ணை மூடிக்கொண்டது.

கால் மணி நேரம் ஆனபோது மூத்தார் திரும்பி வந்தார். குனிந்து முதுகுக் கொக்கியைக் கழற்றப் போனார்.

"போதும்டா. நீ உன்னால ஆனதைச் செஞ்ச. அதுக்கு இஷ்டமில்ல. அஞ்சு மணி வரைக்கும் என் மடியில கிடக்கட்டும்."

நான் மெஷின் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நாய்க்கு இஷ்டமில்லையா? இஷ்டமில்லாத நாய் காலைத் தூக்காது. இது தூக்கியது, தூக்கி வலித்து வைத்தது. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும்.

"கழட்டாதீங்க!" என்றேன். ஆறு வருஷத்தில் அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

மண்டி போட்டு முன்னங்காலுக்குப் பின்னால் விரலை விட்டேன். இரண்டு விரல் தாராளமாகப் போக வேண்டிய இடம். ஒரு நகம் போகவில்லை. அக்குளில் தோல் மடிந்து பெல்ட்டுக்கும் குழாய்க்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. அடி எடுத்து வைத்தால் கிள்ளும். அது எப்படி நடக்கும்?

டேப்பை எடுத்துக் குழாயை அளந்தேன். பதினாறே கால்.

"ஏங்க, நான் பதினேழு எழுதினேன். இது பதினாறே கால்தான் இருக்கு!"

இவர் முகம் வெளுத்துவிட்டது. "பதினேழா? நிஜ அளவே பதினேழா?"

"பின்ன? பொய் அளவு ஒண்ணு எழுதுவாங்களா?"

"நீ எப்பவும் முக்கால் சேர்த்துதானே எழுதுவ?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இவர் அரத்தை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். "பதினோரு வருஷமா முக்கால் கழிச்சுட்டுதானே வெட்டறேன்" என்றார்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"மூணாவது வண்டியிலயே கண்டுபிடிச்சுட்டேன். தொளதொளன்னு ஆடிச்சு. சொன்னா உனக்கு மூஞ்சி சுருங்கிடும். 'என் அளவுல குறை சொல்றீங்களா'ன்னு ரெண்டு நாள் பேச மாட்ட. சொல்லாம கழிச்சுட்டா யாருக்கும் சங்கடமில்ல பாரு."

நூற்று நாற்பத்தாறு வண்டி. மூன்றைத் தள்ளினால் நூற்று நாற்பத்துமூன்று. அத்தனைக்கும் நான் ஒரு பொய்யைச் சேர்த்தேன், இவர் ஒரு பொய்யைக் கழித்தார், நாய்கள் நடந்தன. தெருவில் எங்கள் வண்டியோடு ஒரு நாய் ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம், என் அளவு எப்பேர்ப்பட்ட அளவு என்று மனசுக்குள் என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேனே! முழுப் பூசணிக்காயை இவ்வளவு வருஷம் இத்தனை சாதுவாக ஒரு மனுஷன் மறைப்பாரா? கோபப்பட வேண்டிய இடம்தான். எனக்கு வந்தது கோபம் இல்லை, பிரமிப்பு. இந்த ஆளோடுதானா நான் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறேன் என்று அண்ணாந்து பார்த்தேன்.

"சரி, இந்தத் தடவை மட்டும் ஏன் சேர்க்கல?" என்று இவர் கேட்டார்.

சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் மூத்தாரும் நாயின் பக்கத்தில் குந்தியபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறந்துட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அக்குளில் சிவந்து தடித்திருந்த அந்தத் தோலைப் பார்த்த பிறகு வாய் வரவில்லை.

"கோபத்துல" என்றேன். "உங்க மேல இருந்த கோபத்துல, மாமா. உங்க நாய்க்கு எதுக்கு நான் தாராளமா எழுதணும்னு நினைச்சு எழுதினேன். அதுதான் இப்ப அதைக் கிள்ளுது."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். வாழ்க்கையில் அன்றைக்குத்தான் அதைக் கண்ணால் பார்த்தேன். மேனேஜரின் தலையில் கை வைத்து, "மன்னிச்சுக்கடா" என்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டியவர் என்று ஆறு வருஷமாக நான் காத்திருந்த ஆள் எதிரே உட்கார்ந்திருக்க, கேட்டது நான். எனக்கே சிரிப்பு வந்தது, அழுகையோடு சேர்ந்து.

மூத்தார் மெல்ல நாயை வண்டியிலிருந்து இறக்கிப் போர்வையில் படுக்கவைத்தார். எழுந்து சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"மணி என்னடா?"

"ஒண்ணரை."

"மூணரை மணி நேரம் இருக்கு. லேட்டா கிளம்பின பஸ்ஸை எத்தனையோ தடவை டயத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கேன். குழாய் எங்க? நான் பிடிக்கறேன், நீ வளை."

இவர் புதுக் குழாயை வைஸில் கொடுத்து, ரம்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பதினேழா?"

"பதினேழு."

"நீ சேர்க்கல?"

"சேர்க்கல. நீங்க கழிக்காதீங்க."

"சத்தியமா சேர்க்கல?"

"அட, வெட்டுங்கன்னா!"

வெட்டினார். எங்கள் வீட்டில் பதினோரு வருஷத்தில் முதல்முறையாக நாயின் நிஜ அளவே நோட்டிலும் குழாயிலும் இறங்கியது.

மணல் நிரப்ப நான், பிடிக்க மூத்தார், வளைக்க இவர். துளை போடும்போது மூத்தார் குனிந்து சக்கரத்தின் அச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, இடது பக்கம் ஒரு வாஷர் கூடப் போடு. இப்படியே விட்டா இடது பக்கம் இழுக்கும்" என்றார். இவர் உருட்டிப் பார்த்தார், இழுத்தது. வாஷர் போட்டார், நின்றது. நாய்க்கு வண்டி என்று சிரித்த மனுஷன் நாய் வண்டிக்கு அச்சுப் பார்க்கிறார்! நான் தலையைக் குனிந்துகொண்டு, சிவந்த இடத்துக்கு இன்னொரு மெத்துப் பட்டை தைத்தேன்.

மூன்றே முக்காலுக்கு மறுபடி மாட்டினோம். அக்குளில் விரலை விட்டேன். இரண்டு விரல் போயிற்று. தாராளமாகப் போயிற்று.

"போய்க் கூப்பிடட்டுமா?" என்று மூத்தார் கேட்டார்.

"வேண்டாம்ணா. யாரும் கூப்பிடாதீங்க. அதுவா யோசிக்கட்டும்."

மூன்று பேரும் சுவரோடு ஒட்டிக்கொண்டோம். மெஷினை நிறுத்தியாயிற்று, விசிறியையும் நிறுத்தியாயிற்று. மூத்தாரின் மூச்சு எனக்குக் கேட்டது.

மேனேஜர் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. தலை தாழத் தொடங்கியது. அப்போது மூக்கு அசைந்தது. தையல் மெஷின் பக்கம் எதையோ மோந்தது. கழுத்தை நீட்டியது, எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் நீட்டியது, அப்போதும் எட்டவில்லை.

வலது முன்னங்காலைத் தூக்கி வைத்தது.

சக்கரம் கால் சுற்று உருண்டது. அந்தச் சின்னச் சத்தத்துக்கு நாய் சட்டென்று திரும்பிப் பார்த்தது. பின்னால் யாரும் இல்லை. தன் முதுகையே பார்த்தது, எங்களைப் பார்த்தது. நாங்கள் சுவரோடு ஒட்டித்தான் இருந்தோம். யாரும் தூக்கவில்லை, யாரும் தள்ளவில்லை. இருபத்திரண்டு நாளாகக் கல்லாகக் கிடந்த பின்பாதி தானாகக் கூடவே வந்திருக்கிறது. அது அந்த நாய்க்குப் புரிந்த நொடி எங்களுக்கும் தெரிந்தது. காது இரண்டும் நிமிர்ந்தன. வேறு ஒன்றும் நடக்கவில்லை, காது நிமிர்ந்தது, அவ்வளவுதான். கோவிலுக்குள் நிற்கிறவர்கள்கூட அவ்வளவு அமைதியாக நின்றிருக்க மாட்டார்கள்.

இடது கால். வலது கால். இடது கால்.

மெஷினிடம் போயிற்று, மோந்தது. வைஸ் மேஜையின் காலை மோந்தது. குழாய்க் கட்டு, ரப்பர் துணி, மணல் வாளி என்று ஒன்று விடாமல் பார்வையிட்டது. கதவு நிலையில் சக்கரம் இடித்தது. ஒரு நொடி யோசித்தது. பிறகு, யாரும் சொல்லித் தராமல், இரண்டடி பின்னால் வந்து, கொஞ்சம் அகலமாக வளைந்து, நிலையைத் தாண்டிப் போனது.

"அடேயப்பா!" என்று மூத்தார் வாய்விட்டுச் சொன்னார். "ரிவர்ஸ் எடுத்து வளைக்குதுடா! நான் அதுக்கு ஆறு மாசம் கத்துக்கிட்டேன்."

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. சுவரில் முதுகைத் தேய்த்தபடி அப்படியே சரிந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஆறடி மனுஷன், சின்னப் பிள்ளை போலத் தோள் குலுங்க. மேனேஜர் சத்தம் கேட்டுத் திரும்பியது. சக்கரம் கடகடக்க நேராக அவரிடம் வந்து, விரலுக்கு நடுவில் மூக்கை நுழைத்து, கன்னத்தை நக்கியது. பிறகு அவர் சட்டைப் பையில் மூக்கை விட்டது.

மூன்று நாளாக அது தொடாத பிஸ்கட் அங்கேதான் இருந்ததாம். எடுத்துக் கொடுத்தார். கடித்துத் தின்றது. அந்த நறநறச் சத்தம் போல ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை, அம்மா! நானும் அழுதேன், இவரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அரத்தைத் துடைத்தார். அதில் தூசியே இல்லை.

அப்போதுதான் நான் அதைப் பார்த்தேன். வளையத்தில் தூக்கி மாட்டியிருந்த பின்னங்கால்களில் இடது கால், வெடுக்கென்று ஒரு உதை உதைத்தது.

இவரை இடித்தேன். "பாத்தீங்களா?"

"பார்த்தேன். சத்தமா பேசாத." இவர் என் காதோடு சொன்னார். "சில நாய்க்கு அப்படி வரும். முதுகெலும்பு தானா பண்ற வேலை, மூளைக்கே தெரியாது. அண்ணா பார்த்தா கால் வந்துடுச்சுன்னு ஆகாசத்துல கோட்டை கட்டிடுவார். வாயைத் திறக்காத."

வாயைத் திறக்கவில்லை. ஆனால் கண்ணை மூடவும் முடியவில்லை. மூத்தார் நாயைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார், இன்னொரு தடவை உதைத்தது. அதே இடது கால்.

நாலரைக்கு மேனேஜருக்கு வீடு போதவில்லை. வாசலில் போய் நின்று கேட்டைப் பார்த்தது, மூத்தாரைப் பார்த்தது.

"தெருவுக்குப் போகலாமாடா?" என்று மூத்தார் தம்பியைக் கேட்டார்.

"பத்து நிமிஷம்ணா. முதல் நாள், அதிகம் வேண்டாம். மேடு பள்ளம் பார்த்து."

கேட்டைத் திறந்தேன். நான்தான் திறந்தேன். நாய் முதலில் போயிற்று. மூத்தார் படியில் நின்று, என் பக்கம் திரும்பினார். தொண்டையைச் செருமினார்.

"ஒண்ணு சொல்லணும்மா. ரொம்ப நாளா சொல்ல நினைச்சதுதான். அன்னிக்கு அந்தக் கல்யாணத்துல நான் அப்படிப் பேசினதுக்கு ஒரு காரணம்..."

கடகடகடவென்று சத்தம். மேனேஜர் தெரு முனையை நோக்கி ஓட ஆரம்பித்திருந்தது. நடை இல்லை, ஓட்டம்!

"டேய்! டேய் மேனேஜர், நில்லுடா!"

வாக்கியத்தை அப்படியே என் வாசலில் போட்டுவிட்டு மூத்தார் பின்னாலேயே ஓடினார். முழங்கால் வலி என்று காலையில் படியேறத் திணறின மனுஷன். காரணமாம்! என்ன காரணம்? ஆறு வருஷம் பொறுத்தவளுக்குப் பத்து நிமிஷம் பொறுக்க முடியவில்லை. இவரிடம் கேட்டால், "எனக்கென்ன தெரியும்?" என்று மணலைக் கூட்ட ஆரம்பித்துவிட்டார். தெரியும் என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. இந்த மனுஷன் இன்னும் எதையெல்லாம் கழித்து வைத்திருக்கிறாரோ.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வைஸ் மேஜையில் மூத்தாரின் போன் அடித்தது. எடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு எடுத்தேன்.

"சார், கிளம்பிட்டீங்களா?" டாக்டரின் குரல். மென்மையாக, தயங்கித் தயங்கி வந்தது. "அவசரமில்ல. மெதுவாவே வாங்க. நான் இருக்கேன்."

"நான் அவரோட தம்பி மனைவி பேசறேன் டாக்டர். அவர் கிளம்பிட்டாரு."

"நாயோடதானே?"

"நாயோடதான். ஆனா உங்ககிட்ட வரல. நடக்கப் போயிருக்காங்க."

"யாரும்மா நடக்கப் போயிருக்கா?"

"ரெண்டு பேருமே, டாக்டர்."

நான் சொல்லிவிட்டுத் திரும்பினால், இவர் துடைப்பத்தோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நான் என்றைக்கு இவர் பேச்சைக் கேட்டிருக்கிறேன்?

"இன்னொரு விஷயம் டாக்டர். வண்டியில மாட்டினப்புறம் பின்னங்கால் உதைச்சுது."

"ரெண்டு காலுமா, ஒரு காலா?"

"இடது கால் மட்டும். நான் பார்த்தே ரெண்டு தடவை."

"உதைச்சப்ப யாராவது அந்தக் காலைத் தொட்டீங்களா? வாலைத் தொட்டீங்களா?"

"யாரும் தொடல. முதல் தடவை அவர் கையில பிஸ்கட் தின்னுட்டு இருந்தது. ரெண்டாவது தடவை அவர் அதோட பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். உடனே உதைச்சுது."

போனில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. சாவிக்கொத்தின் சத்தம் கேட்டது.

"அவங்க திரும்பி வந்தா எங்கயும் அனுப்பாதீங்கம்மா. வண்டியைக் கழட்டாதீங்க" என்றார் டாக்டர். "பேரைக் கேட்டு உதைச்சுதுன்னா அது மூளை சொல்லி வந்த உதையான்னு பார்க்கணும். விலாசம் சொல்லுங்க, நான் அங்க வர்றேன்."